படையலில் பாக்கெட் சோறு

கெட்டிலில் வெந்நீர் கொதித்து, அதன் விசை தானாக மேலே வந்தது. ஜெயகணேஷ் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். கத்தரிக்கோல் எதிரிலேயே கிடந்தது. அதைக் காட்டினேன்.

"இயற்கை உணவாச்சே. இயற்கையாதான் பிரிக்கணும்" என்றார்.

மே மாத விடுமுறை. வடலூரில் நான் பாடம் நடத்திய பள்ளி மூடியிருந்ததால் பகலில் வீட்டில் இருந்தேன். எங்கள் மகள் வெண்மதி இரண்டாம் வகுப்பை முடித்திருந்தாள். சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அப்பாவின் வாயையே பார்த்தாள். அவர் பாக்கெட்டின் பின்பக்கத்தைச் செய்தி வாசிப்பவரின் குரலில் படிப்பார் என்பது அவளுக்குத் தெரியும்.

"செயற்கை நிறம் இல்லை. செயற்கை மணம் இல்லை. பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லை." பாக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "தயிரும் இல்லபோல."

அது சாமைத் தயிர்சாதம். பொடியாகக் காய்ந்து கிடப்பதில் வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் போதும். அப்பாவும் மகளும் ஒரே கிண்ணத்தில் ஆளுக்கொரு கரண்டி போட்டு, எலுமிச்சை ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டார்கள். பிறகு அவர் சீருடை மாட்டி, ஹெல்மெட் வைத்த பையை எடுத்துக்கொண்டு, இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கத் தெருமுனைக்குப் போனார். நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். நெய்வேலிச் சுரங்கத்தில் அவரோடு ஒரே ஷிப்ட் பார்க்கும் சிவசங்கர் திரும்பி ஓடி வந்தபோது துணிகள் இன்னும் என் தோளில்தான் இருந்தன.

பஸ்ஸில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தவர் முன்சீட்டின் கம்பிமேல் தலை சாய்த்தாராம். தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். மருத்துவமனையில் டாக்டர் என்னை உட்கார வைத்து, இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு, பல வருடமாகச் சேர்ந்தது என்றார். நன்றாகத்தான் விளக்கினார். கேட்டுக்கொண்டேன். அந்த விளக்கத்தை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

அன்று மாலை காடாம்புலியூரிலிருந்து அவருடைய அண்ணன் சின்னதுரையும் அண்ணி கலியம்மாளும் வந்தார்கள். கலியம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். கெட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பாக்கெட் அப்படியே கிடந்தது. மூலையில் பல் பதிந்த இடம் தெரிந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இதத்தான் கடசியா தின்னானா?"

ஆமாம் என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு எல்லாம் முடிவாகிவிட்டது.

பாக்கெட்டுகள் எங்கள் வீட்டுக்கு வந்த கதை இதுதான். அதற்கு முந்தைய வருடம் மருத்துவப் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை தெரிந்தது. அரிசியைக் குறைக்கச் சொன்னார்கள். நான் விடிந்ததும் வடலூர் பஸ்ஸைப் பிடிப்பவள். அவருக்கோ வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அவர் தூங்கி எழும் வேளையில் நான் வகுப்பில் இருப்பேன். சிறுதானியம் ஊறவைக்க, வேகவைக்க எங்கள் இருவருக்குமே நேரம் ஒத்துவரவில்லை. அப்போதுதான் மெயின் பஜாரில் ஒரு கடையில் இயற்கை உணவுக்கென்று தனி அலமாரி வைத்தார்கள். வரகு உப்புமா, குதிரைவாலிப் பொங்கல், தினை நூடுல்ஸ், கறுப்புக்கவுனிக் கஞ்சிப் பொடி என்று புதிது புதிதாக வாங்கி வருவேன். பெரும்பாலானவை வாயில் வைக்க முடியவில்லை. வரகு உப்புமாவைத் தின்றுவிட்டு, தனக்குக் கொம்பு முளைத்திருக்கிறதா என்று வெண்மதியைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நூடுல்ஸ் கரண்டியில் ஒட்டிக்கொண்டு கீழே விழ மறுத்தது. சாமைத் தயிர்சாதம் ஒன்றைத்தான் தானாகக் கேட்டு மறுபடியும் வாங்கிவரச் சொன்னார்.

கலியம்மாளைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது ஜெயகணேஷ் பள்ளிக்கூடப் பையன். வேலை கிடைத்து நெய்வேலிக்கு வரும்வரை அவர் கையால்தான் சாப்பிட்டார். அவருடைய அழுகை உண்மையானது. ஆனால் அழுகைக்கு நடுவே ஒரு காரணமும் அவருக்கு வேண்டியிருந்தது. அது கையில் கிடைத்துவிட்டது. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

"கூழு குடிச்சி வளந்த ஒடம்புங்க அது. ஆக்கிப் போட ஆளில்லாம, பாக்கெட்டப் பிரிச்சி வெந்நி ஊத்தித் தின்னுகினு இருந்துருக்கான். வவுத்துக்குள்ள போயி அது இன்னா பண்ணிச்சோ."

எங்கள் பக்கத்து வழக்கப்படி காரியம் முடியும்வரை நான் கூடத்து மூலையில் போட்ட பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். சமையலறைக்குப் போகக்கூடாது. வாசலுக்குப் போகக்கூடாது. வருகிறவர்கள் குனிந்து கட்டிக்கொள்வார்கள், அழுவார்கள், நிமிர்ந்ததும் கலியம்மாளைப் பார்ப்பார்கள், அவர் சொல்லுவார். எனக்கு இரண்டடி தள்ளித்தான் அது நடக்கும். குவார்ட்டர்ஸின் கூடம் சிறியது. எழுந்து போக வேறு அறை இல்லை, இருந்தாலும் எழ முடியாது. எங்கள் பிளாக்கில் திருநெல்வேலிக்காரர்கள் உண்டு, தர்மபுரிக்காரர்கள் உண்டு. எல்லா ஊர்ப் பேச்சிலும் என் பாக்கெட்டுகள் பேசப்பட்டன. என்னிடமே ஒருத்தி, மனது கேட்காமல், அந்தக் கம்பெனி பெயர் என்ன, எங்கள் வீட்டிலும் வாங்கியிருக்கிறோமோ என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் பதில் பேசியிருந்தால், புருஷன் போன துக்கப் பாயில் உட்கார்ந்துகொண்டு வாதாடுகிறாள் என்று இன்னொரு பேச்சு வந்திருக்கும். டாக்டர் சொன்னதை ஒருமுறை சின்னதுரை மாமாவிடம் சொன்னேன். டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க என்று தலையாட்டிவிட்டுப் பந்தல்காரரிடம் போய்விட்டார்.

இதுவரை என்னைப் பற்றியது. என்னால் அதைத் தாங்கியிருக்க முடியும்.

வெண்மதி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். வீடு நிறைய ஆட்கள். யாரோ ஊட்டியிருப்பார்கள் என்று யாவரும் நினைத்தோம். ஒரு மதியம் அவள் என் பக்கத்தில் வந்து படுத்தாள். உதடு வெடித்திருந்தது. தட்டில் சோறு போட்டுத் தரச் சொல்லி ஊட்டப் போனேன். வாயில் வாங்கி, மென்று, ஜன்னல் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"அம்மா, அது பெரியவங்களுக்கு மொதல்ல வந்து, சின்னவங்களுக்கு அப்பறமா வருமா?"

"எதும்மா?"

"செத்துப்போறது. நானும் பாதி சாப்பிட்டேன்ல."

ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. மேலே ஏதாவது சாப்பிட்டால் உள்ளே இருப்பது பெரிதாகிவிடும் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். தண்ணீர் மட்டும் குடித்தால் அது அப்படியே தூங்கும். நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு டாக்டர் சொன்னது முழுவதையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். குழாயை வரைந்துகூடக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "ஆனா நீதானம்மா அத வாங்கிட்டு வந்த" என்றாள். என்மேல் கோபமாகச் சொல்லவில்லை. அதில் என்ன இருக்கிறதென்று வாங்கி வந்தவளுக்கு எப்படித் தெரியும் என்பதுபோல் சொன்னாள்.

உலகத்தில் அவளுக்கு நான் சொன்னால் எடுபடாத ஒரே விஷயம் இதுவாகிவிட்டது. சொல்ல வேண்டியவர் கலியம்மாள்.

பாத்திரம் எடுக்க அவர் வந்தபோது கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பிள்ளை பட்டினி கிடக்கிறது, பயந்துபோயிருக்கிறது, அந்தச் சோற்றால் ஒன்றுமில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சாப்பிடுவாள் என்று கெஞ்சினேன். அவர் வெண்மதியின் தலையைத் தடவினார். கண் கலங்கியது.

"புள்ளைக்கு நா ரசம் கரைச்சி ஊட்டறேன். ஆனா என்னப் பொய் சொல்லச் சொல்லாத அகிலா."

ரசம் கரைத்தும் ஊட்டினார். வெண்மதி அதையும் துப்பினாள்.

மறுநாள் காரியம். எல்லாவற்றுக்கும் முன்னேற்பாடு நடந்தது. அந்த நாட்களில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் சின்னதுரை மாமா வந்து பாய்க்கு எதிரில் குந்தினார். படையலில் இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவள் மனைவி.

"தம்பிக்கு இன்னா இன்னா புடிக்கும்னு சொல்லும்மா. ஒண்ணும் வுட்டுடக்கூடாது. ஆசப்பட்டத வுட்டுட்டோம்னா வாசல்லயே நின்னுகினு இருப்பான்."

அவருக்குத் தெரிந்ததை அவரே சொன்னார்: பலாச்சுளை, ஆட்டுக்கறி, வஞ்சிரம் வறுவல், முறுக்கு, ஒரு குவார்ட்டர் பாட்டில். தலையாட்டிக்கொண்டே வந்தேன். படைத்ததை என்ன செய்வார்கள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. காக்கைக்கு வைத்த பிறகு இலையில் உள்ளதையெல்லாம் சேர்த்துப் பிசைந்து பங்காளி வீட்டார் எல்லோருக்கும் உருண்டை கொடுப்பார்கள். அதை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் இறந்தவரையே தள்ளியது மாதிரி.

"சாமைத் தயிர்சாதம்" என்றேன். "அந்தப் பாக்கெட்."

சமையலறை வாசலில் கலியம்மாள் நின்றிருந்தார். "அவனக் கொன்னத அவனுக்கே படைக்கச் சொல்றாளா?"

சின்னதுரை மாமா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நாற்காலி எடுத்து வந்த சிவசங்கர்தான் வாசற்படியில் நின்றபடி சொன்னான்.

"அண்ணன் அன்னிக்கு பஸ்ல அதப்பத்திதாங்க பேசிகினு வந்தாரு. தயிரே இல்லாத தயிர்சோறுடா, ஆனா நல்லாருக்குதுன்னாரு. அதுக்கப்பறம் பேசல."

அவர் கடைசியாகப் பேசியது இதுதான் என்று எனக்கு அதுவரை தெரியாது. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டேன். சின்னதுரை மாமா எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"ஆசப்பட்டுச் சொல்லிட்டுப் போயிருக்கான். வச்சுடுங்க" என்றார்.

காலையில் எனக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அதை எழுதப் போவதில்லை. என் அண்ணன் கொண்டுவந்த கோடிப் புடவையை உடுத்திக்கொண்டு மறுபடி பாயில் உட்கார்ந்தேன். மதியம் இலை போட்டபோது சமையலறையில் ஏதோ தடுமாற்றம். அலமாரியில் மிச்சமிருந்த பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலியம்மாள் நின்றார். இதை அடுப்பில் ஏற்றுவதா, தாளிப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அத்தனை நாள் பாயிலேயே உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். கெட்டிலைப் போட்டேன். கத்தரிக்கோலால் மூலையை வெட்டி, கிண்ணத்தில் கொட்டி, வெந்நீர் ஊற்றி மூடினேன். கலியம்மாள் என் கையையே பார்த்தார். "அவ்ளோதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன்.

படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் கறிக்கும் பலாச்சுளைக்கும் நடுவே அது வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. கற்பூரம் காட்டினார்கள். பின்பக்கம் காக்கைக்கு வைத்து, அது எடுக்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு மாமா இலை முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிசைந்தார். முதல் உருண்டையை அவர் வாயில் போட்டுக்கொண்டார். அடுத்தது கலியம்மாளுக்கு.

உள்ளங்கையில் வாங்கியவர் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கையிலேயே இருந்தது. கூட்டத்தில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வெண்மதி கவனித்தாள். என் புடவை நுனியை விட்டுவிட்டு நகர்ந்து போய் அவருக்கு நேர் எதிரில் நின்றாள். அவள் பார்த்தது பெரியம்மாவின் முகத்தை அல்ல, கழுத்தை. விழுங்குவது அங்கேதான் தெரியும்.

கலியம்மாள் அவளைப் பார்த்தார். வெடித்த உதடு, வயிற்றின்மேல் கை. பிறகு உருண்டையை வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினார். விழுங்கியதும் வாயைத் திறந்து பிள்ளையிடம் காட்டினார். அதோடு விடவில்லை. கிண்ணத்தில் மீந்திருந்த தயிர்சாதத்தை எடுத்துக்கொண்டு பின்படியில் போய் உட்கார்ந்து, வெண்மதி பார்க்கப் பார்க்க வழித்துச் சாப்பிட்டார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை.

"உப்பு பத்தல" என்றார்.

மறுநாள் விடிந்ததும் வெண்மதி பாயிலிருந்து எழுந்து நேராகப் பின்பக்கம் ஓடினாள். பெரியம்மா குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். நின்று பார்த்துவிட்டு வந்தாள். பசிக்கிறது என்றாள். பழைய சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்தேன். கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். நான் ஒரு வாய் உண்டு விழுங்கும்வரை காத்திருந்தாள். அதன் பிறகு சாப்பிட்டாள்.

சொன்னதைக் கலியம்மாள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்து, இனிமேலாவது பிள்ளைக்கு ஆக்கிப் போடு என்றார். பிளாக்கில் பேச்சும் நிற்கவில்லை. ஜெயகணேஷின் வேலைக்குப் பதில் எனக்குச் சுரங்கக் கம்பெனி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அதனால் இந்த ஊரை விட்டுப் போகவும் முடியவில்லை. வேறு பிளாக்கில் சின்ன குவார்ட்டர்ஸுக்கு மாறினோம். பஜாரில் என் பையை எட்டிப் பார்க்கிறவர்கள் இன்னும் உண்டு. நான் ஊறவைக்கிறேன், அரைக்கிறேன், வேகவைக்கிறேன். வேலைக்குப் போகுமுன் எல்லாம் முடித்துவிடுகிறேன்.

வெண்மதி இப்போது ஒன்பதாம் வகுப்பு. என்னைவிட உயரம். இதயத்தின் படத்தை அவளே வரைந்து குழாய்களின் பெயரெல்லாம் எழுதுகிறாள். அந்த நாட்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஆனால் சோறு போட்டதும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வேறு ஏதோ யோசிப்பவள்போல் இருக்கிறாள். நான் முதல் வாயை விழுங்கிய பிறகுதான் கை வைக்கிறாள்.