ஒரு மாதிரி

திரும்பி வந்த கோப்புகளில் மூன்றாவது முறையாக அதே லாரி டிரைவரின் பெயர் வந்து நின்றது. இன்ஷூரன்ஸ்காரர்கள் எழுதியிருந்தது ஒரே வரி: 'நோயாளியின் குறை தெளிவாக இல்லை, இதய ஸ்கேனுக்கு அனுமதி இல்லை.' அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். கிளினிக்கில் டாக்டர் பார்க்கும்போது அருகில் உட்கார்ந்து, நோயாளி வாயால் சொல்வதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. அந்த மனுஷன் வாயிலிருந்து உதிர்ந்த முத்து இவ்வளவுதான்: "நெஞ்சுல ஒரு மாதிரி." எந்த மாதிரி? கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது குத்தல், எரிச்சல், அழுத்தம், வலி; ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண். 'ஒரு மாதிரி'க்கு அதனிடம் எண் கிடையாது. எண் இல்லாத நோய் நோயே இல்லை.

இதில் டாக்டர் வேறு. நேரம் மிச்சம் பிடிக்க 'எல்லாம் இயல்பு' என்ற பொத்தானை ஒரே தட்டாகத் தட்டிவிடுவார். அது தன்பாட்டுக்கு 'நெஞ்சு வலி இல்லை' என்று நிரப்பி வைக்கும். மேலே நெஞ்சில் ஏதோ, கீழே நெஞ்சில் ஒன்றுமில்லை. படிக்கிறவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

"வலின்னு போட்டுத் தொலையேன். சத்தியம் பண்ணிட்டா வேலைக்கு வந்தே?" என்றார் பக்கத்து மேசை பில்லிங்காரர்.

"இன்ஷூரன்ஸ்காரங்க அவருக்கே போன் பண்ணிக் கேட்பாங்க. டிரைவரு 'வலியா? யாருக்கு?'ம்பாரு. அப்புறம் ஜென்மத்துக்கும் ஸ்கேன் கிடைக்காது."

அவளே டிரைவருக்குப் போன் போட்டாள்.

"ஐயா, கிளினிக்லேர்ந்து பேசுறேன். நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"வலிக்கலையேம்மா."

"கொஞ்சங்கூடவா?"

"இல்லாத வலியை இருக்குன்னா வாய் அழுகிடும். ஒரு மாதிரி, அவ்வளவுதான்."

"அந்த மாதிரியத்தான்யா நானும் தேடிக்கிட்டிருக்கேன்!" கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் சிரித்தார். "கோவிச்சுக்காத. லோடோட ஏத்தம் ஏறறப்ப கிளட்ச் வழுக்கும் பாரு. இன்ஜின் கத்தும், வண்டி நகராது. படி ஏறினா எனக்கு அப்படித்தான். நின்னா சரியாயிடும்."

பட்டியலின் அடியில் 'வேறு' என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் சொன்னதை அப்படியே அடித்தாள். கட்டம் 'படி ஏறினால் கிளட்ச் வழு' வரைக்கும் விழுங்கிவிட்டுச் சிவப்பு எழுத்தில் துப்பியது: 'பொருந்தும் சொல் இல்லை.'

"மூச்சு முட்டுதுன்னு போட்டுக்கவாய்யா?"

"முட்டுதான்னு நான் எங்க கவனிச்சேன்? இரு, ஏறிப் பார்த்தே சொல்லிடறேன். வீடு மாடிலதானே."

"வேணாம்யா, நில்லுங்க!"

அதற்குள் செருப்புச் சத்தம் கிளம்பிவிட்டது. முதலில் வேகமாக. பிறகு ஒவ்வொன்றாக. பிறகு இல்லை.

தூரத்தில் ஒரு பெண் குரல். "என்னங்க, ஏன் படியில உக்காந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்லடி. சும்மா."

"ஐயா," என்றாள் அவள். போனைப் படியில் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு மட்டும். ஏற்றத்தில் நின்றுபோன வண்டியின் இன்ஜின் போல அது கத்திக்கொண்டேயிருந்தது.