வாத்தியார் நடக்கக் கூடாத ஊர்

என் கணவர் வாமிம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இதயமும் தசைதான். தினமும் நடந்தா பலப்படும், ரத்த அழுத்தமும் இறங்கும்," என்றார் டாக்டர். போகிற போக்கில் என் கையிலும் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்.

"உங்க இதயம் சின்னப் பொண்ணோடது மாதிரி இருக்கும்மா. என்ன பண்றீங்க?"

"சந்தைக்கு வாழையிலை சுமந்து நடந்துபோய் விக்கிறேன்."

முதல் வேலையாக இவருடைய மோட்டார் பைக்கை விற்றுத் தொலைத்தேன். விடிந்ததும் இவரை வாசலுக்கு வெளியே தள்ளினேன். ஆனால் இவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எங்கள் ஊர் எம்பாலேயில் பாதிப் பேர் இவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். தெருமுனை தாண்டுவதற்குள் ஒரு பைக் வந்து நிற்கும்.

"சார், நீங்க நடக்கறதா? எங்க மானம் போயிடும். ஏறுங்க!"

மறுத்தால் பிள்ளைகள் மனம் நோகுமாம். ஏறிவிடுவார். சந்தையில் வறுத்த பன்றிக் கறியைத் தின்றுவிட்டு, இன்னொரு பிள்ளையின் பைக்கில் திரும்புவார். நான் வாசலுக்கும் அடுப்புக்கும் அலைந்துகொண்டிருப்பேன். மறுபடி டாக்டரிடம் காட்டியபோது அழுத்தம் இம்மிகூட இறங்கவில்லை. இவர் தம்பி உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தவன்.

"நீங்க செத்தாலும் அதே பசங்க பைக்ல வருவாங்க. அப்ப ஏறிக்கிட்டுப் போங்க!" என்று கத்தினேன்.

மறுநாள் காலை, கனமில்லாத ஓர் இலைக்கட்டை இவர் தலையில் வைத்தேன். இலைகள் தொங்கி இவர் முகம் பாதி மறைந்தது. என் கட்டை நான் தூக்கிக்கொண்டேன்.

"ஹெட்மாஸ்டர் தலையில இலைக்கட்டா? பொம்பள வேலைடி இது!"

"நெஞ்சுவலி ஆம்பள பொம்பள பாக்குதா? நடங்க."

நடந்தோம். பைக்குகள் பறந்தன, ஒன்றுகூட நிற்கவில்லை. முந்தின நாள் இவரை வருந்தி வருந்தி ஏற்றிக்கொண்டு போன வெபுகுலு, "ஓரமா போய்யா!" என்று ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

பாதி வழியில் இவர் சட்டென்று நின்றுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"வலிக்குதா?"

"இல்ல. இத்தன வருஷத்துல உனக்கு ஒருத்தன்கூட வண்டிய நிறுத்தலையா, நம்போசோ?"

"நீங்களும் தினம் இதே ரோட்லதான பைக்ல பள்ளிக்கூடம் போனீங்க. ஒரு நாளாவது நிறுத்துனீங்களா?"

இவர் என் கட்டையும் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் தரவில்லை.

"விடுங்க. இது என் இதயத்துக்கு."