கிரேனுக்கு வாத்துக்கறி

கிடங்கில் மூட்டை தூக்கும் அவனைத் தெருவே கிரேன் என்றுதான் கூப்பிட்டது. அந்தக் கிரேனுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் கம்பிவலை வைத்து அனுப்பிய பிறகு, வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. அவித்த காய், அவித்த கோழி. முணுமுணுக்காமல் விழுங்கினான். கட்டட வேலைக்குப் போகும் அவன் மனைவி, மனுஷன் திருந்திவிட்டான் என்றே நம்பினாள். சனிக்கிழமை துவைக்க எடுத்த சட்டைப் பையில் எண்ணெய் ஊறிய காகிதம் கிடந்தது. கிடங்கு வாசல் கடையில் பொரித்த கறி.

காகிதத்தைக் கொண்டுபோய் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீ அவிச்சுக் கொட்டுறதைத் தின்னுட்டு மூட்டை தூக்க முடியுமா? மாட்டுக்குக்கூட புண்ணாக்கு வைப்பாங்க" என்றான்.

"நாளைக்கு வாத்து வைக்கிறேன். கொழுப்பை வடிச்சிடுவேன், ருசி இருக்கும். பிடிச்சுதுன்னா அந்தக் கடைப் பக்கம் போகக் கூடாது."

"பிடிக்கலன்னா?"

"அப்புறம் நான் வாயே திறக்கல. உங்க நெஞ்சு, உங்க பாடு."

சரி என்றான். சொன்ன சொல்லில் நிற்கிற ஆள். அவளும் அப்படித்தான், தோற்றால் வாயே திறக்க முடியாது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஞாயிறு மதியமே வாத்துத் துண்டுகளை எடுத்துவிட்டாள். சதையில் படாமல் தோலை மட்டும் ஊசியால் குத்தினாள். காய்ந்த சட்டியில் தோல் கீழாக வைத்துத் தீயைச் சிறிதாக்கினாள். வாத்து எண்ணெய் கேட்காது, கொடுக்கும். கசிந்த கொழுப்பை டப்பாவில் வடித்து வைத்துவிட்டு, வெங்காயம், மிளகு, ஆப்பிள் துண்டுகள், ஆரஞ்சுச் சாறு சேர்த்து மூடினாள்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து சேர்ந்தாள். "என் தம்பி துரும்பா இளைச்சுட்டானே" என்று வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள். அந்தத் துரும்பு நிலைவாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"பழத்தைப் போட்டுக் கறியா? சட்டிக்குள்ள ஜூஸ் கடை வச்சிருக்கியா?"

"உக்காருங்க அண்ணி. தின்னு பாத்துட்டு திட்டுங்க."

காய்ந்த துணியை எடுக்க மனைவி மாடிக்குப் போய்த் திரும்பினாள். கொழுப்பு வடித்த டப்பா காலி. சட்டி மினுமினுத்தது. நாத்தனார் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வறண்டு கிடந்துச்சு, ஊத்திவிட்டேன். கறின்னா விரல்ல ஒட்டணும்மா."

தம்பியைத் தூக்கி வளர்த்தவள். நல்லதுதான் செய்ததாக நினைப்பு. மனைவி சட்டியையே பார்த்து நின்றாள். இப்படியே பரிமாறினால் கையை நக்கித் தின்பான். பந்தயம் அவளுக்குத்தான். ஜெயித்து என்ன பிரயோஜனம்? கடைக்காரன் ஊட்டிய கொழுப்பை இவளே தன் கையால் ஊட்டியதாகும்.

அடுப்பை அணைத்தாள். துண்டுகளை எடுத்துத் தோலை உரித்தாள். தெருமுனைக் கடையிலிருந்து ஐஸ்கட்டி வாங்கி வந்து அகலப் பாத்திரத்தில் கொட்டி, குழம்புச் சட்டியை அதில் இறக்கினாள்.

"பசிக்குதுடி" என்றான் கிரேன்.

"பசிக்கட்டும்."

"உனக்குப் பைத்தியமா? ஆறவச்ச கறியை எவன் தின்பான்?" என்றாள் நாத்தனார்.

மேலே வெள்ளையாக உறையத் தொடங்கிய கொழுப்பைக் கரண்டியால் வழித்தாள். காத்திருந்து மறுபடி வழித்தாள். மிச்சத்தைக் காகிதத்தால் ஒற்றினாள். நாத்தனார் பொறுமையிழந்து, தான் கொண்டுவந்த பொரித்த கறி டப்பாவைத் தம்பி முன்னால் திறந்தாள். அவன் மோந்து பார்த்தான். எச்சிலை விழுங்கினான்.

"வேண்டாம்க்கா. பேச்சு ஒண்ணு இருக்கு."

கறி மறுபடி அடுப்பேறியது. இன்னொரு ஆரஞ்சைப் பிழிந்தாள். உலர்திராட்சையைப் போட்டு, வெறும் சட்டியில் வறுத்த பாதாமை நொறுக்கித் தூவினாள்.

அவன் மென்றான். ரொம்ப நேரம் மென்றான்.

"கடையில இருக்கிற மாதிரி இல்ல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இனிக்குது, புளிக்குது. முதல் வாய் என்னடா கருமம்னு இருந்துச்சு." தட்டை நகர்த்தினான். "இன்னும் ரெண்டு துண்டு போடு."

"போட்டா?"

"போட்டா என்ன? கடைக்குப் போகல. நாளைக்கு மதியத்துக்கு இதுல மிஞ்சுமான்னு பாரு."

"எனக்கும் ஒரு துண்டு வை. குறை சொல்லணும்ல" என்றபடி நாத்தனார் கையைச் சட்டிப் பக்கம் நீட்டினாள். அந்தக் கை போய்ச் சேருமுன், மனைவி இரண்டு பெரிய துண்டுகளை எடுத்து அவன் டிபன் பாக்ஸில் போட்டு மூடியை அழுத்தினாள்.