நகப்பூச்சுக் கோடு

பூட்டைப் போடுவது நெடுமாறனின் வேலை. போட்ட பூட்டைப் பார்ப்பது அவர் மனைவி சுலோசனாவின் வேலை.

இருவருக்கும் ஆளுக்கொரு மடக்கு சைக்கிள் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற வருடம் மகள் கவிநிலா வாங்கிக் கொடுத்தது. சின்னச் சக்கரங்கள், நடுவில் ஒரு கீல். விரித்துவிட்டு லிவரை அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். ஆனால் அது முழுசாகப் பூட்டியிருக்கிறதா, பாதியில் நிற்கிறதா என்று சட்டென்று தெரியாது. முதல் வாரமே சுலோசனா மகளின் பழைய நகப்பூச்சு பாட்டிலைத் தேடி எடுத்தாள். இரண்டு சைக்கிளையும் சரியாகப் பூட்டச் சொல்லி, லிவரையும் சட்டத்தையும் சேர்த்துச் சிவப்பாக ஒரு கோடு இழுத்தாள். லிவர் கொஞ்சம் தூக்கியிருந்தாலும் கோடு உடைந்து தெரியும்.

அவள் அரசு மருந்தகத்தில் முப்பத்தோரு வருடம் மருந்தாளுநராக இருந்தவள். ஒருமுறைகூட மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை. ஓய்வுக்குப் பிறகும் சாரம் பகுதியில் அவர்கள் தெருவில் பாதிப் பேர் மாத்திரை அட்டையை அவளிடம் காட்டிவிட்டுத்தான் விழுங்குவார்கள்.

நெடுமாறன் மின்துறையில் எழுத்தராக இருந்தவர். வீட்டில் எந்த மூடியையும் அவர் முழுசாகத் திருகியதில்லை. மூடியைப் பிடித்துத் தூக்கி, ஊறுகாய் பாட்டில் கீழே விழுந்து உடைந்தது இரண்டு தடவை.

"மூடின்னா மூடணும். மேல வெக்கிறதுக்குப் பேரு மூடுறது இல்ல" என்பாள் சுலோசனா.

"அதுக்குத்தான் நீ இருக்கியே" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு மணிக்குக் கடலூர் பஸ்ஸில் சைக்கிள்களை மடக்கி ஏற்றிக்கொண்டு தவளக்குப்பத்தில் இறங்குவார்கள். கண்டக்டர் ஒருவருக்கு அவர்கள் பழக்கமாகிவிட்டார்கள். "இன்னா சார், கைக்கொழந்தைங்க ரெண்டும் இன்னிக்கு அழல போலருக்கே" என்பார். டீக்கடை ஓரத்தில் அவர் விரித்துப் பூட்டுவார். சுலோசனா குனிந்து, கோட்டின் மேல் சுட்டுவிரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "சேந்துச்சு" என்பாள். இரண்டாவதுக்கும் "சேந்துச்சு". அதைக் கேட்ட பிறகுதான் அவர் ஏறி உட்கார்வார். பிறகு நல்லவாடு கடற்கரை வரை மெதுவாக மிதிப்பார்கள். வழியில் அதிகம் பேச மாட்டார்கள். இப்படி நான்கு வருடம் போனது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. படகுகள் வந்திருந்தன.

"சங்கரா கெடைக்குதான்னு பாத்துட்டு வரேன். இங்கயே நில்லுங்க, வழக்கம்போல எங்கியாவது போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு சுலோசனா மீன் விற்கும் பெண்களின் பக்கம் போனாள்.

படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த நீல பனியன்காரர் சைக்கிள்களையே பார்த்தார். "சார், இது மடங்குமாமே? நெசமாவா?"

ஒவ்வொரு வாரமும் யாராவது கேட்பார்கள். கேட்க மாட்டார்களா என்று நெடுமாறன் காத்திருப்பார் என்றும் சொல்லலாம். அவருடைய சைக்கிளில் பையும் தண்ணீர் பாட்டிலும் மாட்டியிருந்தன. அதனால் சுலோசனாவின் சைக்கிளை எடுத்தார். லிவரைத் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் ஒன்றோடொன்று சேர்த்து மணலில் வைத்தார்.

"யம்மாடி, குந்திக்கிச்சுடா!" என்றார் பனியன்காரர். இன்னும் நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் விலை கேட்டார். "அந்தக் காசுக்கு நான் ஒரு எஞ்சினுக்கு அட்வான்ஸ் குடுத்துடுவேன்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நெடுமாறனும் சிரித்தார்.

சைக்கிளை மறுபடி விரித்துக்கொண்டிருந்தபோது சுலோசனா மீன் பையோடு ரோட்டுப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "என்னங்க, கெளம்பலாம். வெயில் ஏறுது, மீனு கெட்டுடும்."

"வந்துட்டேன்" என்று லிவரை அழுத்தினார். 'டக்' சத்தம் கேட்டதா என்று பிற்பாடு அவர் எத்தனையோ தடவை யோசித்தார். கோட்டைப் பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். கோட்டைப் பார்ப்பது அவர் வேலையாக இருந்ததே இல்லை.

அவள் தவளக்குப்பத்திலேயே பார்த்துச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு இடையில் சைக்கிளை மடக்கியது அவளுக்குத் தெரியாது. கைப்பிடியில் மீன் பையை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் அது நடந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த நெடுமாறன் சத்தம் கேட்டுத் திரும்பினார். சைக்கிள் நடுவில் மடங்கிக் கிடந்தது. சுலோசனா ஒருக்களித்து விழுந்திருந்தாள். சங்கரா மீன்கள் ரோட்டில் சிதறியிருந்தன.

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. நெற்றியில் ஐந்து தையல். விழுப்புரத்திலிருந்து கவிநிலா மதியத்துக்குள் மருத்துவமனைக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, லாக்கைப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேனே."

"நல்லா பாத்தியா?"

சுலோசனா கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "பாத்தேன். பாத்தேன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "நான் சேந்துச்சுன்னு சொன்னேன்ல?"

நான்தான் நடுவுல மடக்கினேன். அந்த வாக்கியம் அவர் வாயில் தயாராக இருந்தது. மகள் கோபமாக நின்றுகொண்டிருந்தாள். நர்ஸ் ஒருத்தி ஊசி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"விடு கவி" என்றார். "வயசாவுதில்ல. ஒருநாள் தவறத்தான் செய்யும்."

யாருடைய வயது என்று அவர் சொல்லவில்லை. சுலோசனா மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

தையல் பிரித்த பிறகு சொல்லலாம் என்றிருந்தார். பிறகு, கட்டு அவிழ்த்த பிறகு. கட்டு அவிழ்த்த அன்று அவள் தளர்ந்துபோன கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் சொல்லவில்லை.

அடுத்த வீட்டு அக்தர் பேகம் ஒருநாள் மாத்திரை அட்டையோடு வந்தார். "அக்கா, இது சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

சுலோசனா அட்டையை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு கொடுத்துவிட்டாள். "கடையிலயே கேட்டுக்க பேகம். எனக்கு இப்பல்லாம் பாத்தது சரியா மனசுல நிக்கிறதில்ல."

"கட்டு போட்டது கையிலதானக்கா, கண்ணுலயா?" என்று பேகம் சிரித்தார். சுலோசனா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு தெருவில் யாரும் அட்டையோடு வரவில்லை.

படுத்த பிறகு எழுந்துபோய் கேஸை மூன்று தடவை பார்த்தாள். அவளுடைய பிரஷர் மாத்திரையையே, "இன்னிக்குப் போட்டுட்டனா?" என்று அவரிடம் கேட்டாள். கவிநிலா பயந்துபோய் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் கடிகாரம் வரையச் சொன்னார், விலங்குகளின் பெயர் சொல்லச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எல்லாம் சரியாகச் செய்தாள். "ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. உங்க வயசுக்கு நல்லாவே இருக்கீங்க" என்றார்.

ஆட்டோவில் வரும்போது அவள் சொன்னாள். "உங்க வயசுக்குன்னாரு, கேட்டீங்களா?"

நெடுமாறன் கேட்டிருந்தார்.

உடைந்த சைக்கிளை அக்பர் அலியின் கடையில் விட்டிருந்தார்கள். பழுது பார்த்து விற்றுவிடச் சொல்லிவிட்டாள் சுலோசனா. பணம் வாங்கப் போனபோது அக்பர் அலி பழைய லிவரை ஒரு டப்பாவில் தேடினார். கிடைக்கவில்லை.

"வளைஞ்சிபோச்சுன்னு புதுசு மாட்டிட்டேன் சார். சைக்கிளை வில்லியனூர்க்காரரு ஒருத்தரு வாங்கிட்டுப் போய்ட்டாரு. ஆனா அந்த லிவர்ல கோளாறு இல்ல. முழுசா அழுத்தாம வுட்டிருக்காங்க. அம்மாவா பூட்டினாங்க?"

"நான்தான். அவ பாத்தப்புறம் நான் தொறந்தேன்."

முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னார். எவ்வளவு சின்ன வாக்கியம் என்று இருந்தது.

அக்பர் அலி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லணும்."

"அஞ்சு மாசமாவுது சார்" என்றார் அக்பர் அலி.

அன்று சாயங்காலம் சுலோசனா காபித்தூள் டப்பாவை மூடியோடு தூக்கினாள். மூடி கையில் வந்தது. டப்பா கீழே விழுந்து, தூள் சமையலறை முழுக்கக் கொட்டியது. நெடுமாறன் ஓடிவந்தார். காலையில் காபி போட்டது அவர்தான்.

திட்டுவாள் என்று நின்றார். அவள் திட்ட வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் சரியா மூடலபோல" என்றாள்.

"சுலோ, இல்ல. நான்தான் மூடினது."

"பரவால்ல, விடுங்க."

"காபித்தூள் மட்டும் இல்ல." அவர் நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தார். நீல பனியனைச் சொன்னார். மடக்கிக் காட்டியதைச் சொன்னார். சிரித்ததைச் சொன்னார். லிவரை அவசரத்தில் அழுத்தியதைச் சொன்னார். "நீ தவளக்குப்பத்துல பாத்தது சரி. நீ சொன்னது சரி. கோடு சேந்துதான் இருந்துச்சு. நடுவுல தொறந்தது நானு."

சுலோசனா குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் முகத்தில் முதலில் ஏதோ எழுந்தது. பிறகு அது அடங்கிவிட்டது.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பயம்" என்றார்.

"என்கிட்டயா?" அவள் லேசாகச் சிரித்தாள். "முப்பத்தெட்டு வருசத்துல நீங்க எதுக்கு என்கிட்ட பயந்திருக்கீங்க? டாக்டர்கிட்ட போய்ட்டு வந்ததுலருந்து கவியும் நீங்களும் தனித்தனியா போன்ல பேசிக்கிறீங்க. அவதான இப்டிச் சொல்லச் சொன்னா?"

"கவிக்குத் தெரியாது. வேணும்னா அக்பர் அலியைக் கேளு."

"அவர்கிட்டயும் சொல்லி வெச்சிருப்பீங்க." கோபமாகச் சொல்லவில்லை. அவர் தோளைத் தொட்டுவிட்டுத்தான் சொன்னாள். "எனக்காகத்தான சொல்றீங்க. தெரியுதுங்க."

நெடுமாறன் எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து தன்னுடைய சைக்கிளை இழுத்துவந்தார். ஐந்து மாதத் தூசி. கூடத்தில் வைத்து விரித்தார். லிவரை வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினார்.

"பாத்துச் சொல்லு. ஒரே ஒரு தடவை."

"வேணாங்க."

"சுலோ, பாரு."

அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். சுட்டுவிரலைக் கோட்டின் மேல் வைத்தாள். விரல் சட்டத்தின் மேலிருந்து மெதுவாக நகர்ந்தது. கோடு உடைந்திருந்த இடத்தில் நின்றது. அங்கேயே நின்றது.

அவள் விரலை எடுத்துவிட்டாள்.

"எனக்குச் சரியாத் தெரியலைங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் குனிந்து பார்த்தார். நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை. இரண்டு சிவப்புத் துண்டுகளுக்கும் நடுவில் ஒரு நகத்தின் அகலத்துக்கு இடைவெளி. மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகவே தெரிந்தது. லிவரை அழுத்தினார். 'டக்' என்றது.

"சேந்துச்சு" என்றார்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, காபித்தூளைக் கூட்ட அவள் துடைப்பத்தை எடுக்கப் போனாள்.