சந்தேகப் பொத்தான்

ஆஸ்பத்திரியில் எனக்குத் 'தூண்டில்காரி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. கேண்டீன் வரிசையில் முதுகுக்குப் பின்னால் காதில் விழும். கணினிப் பாதுகாப்பு என் வேலை. மாதம் ஒரு முறை ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு போலி மெயில் அனுப்புவேன். லிங்கைத் தொட்டால் திரை சிவப்பாகி 'ஏமாந்துவிட்டீர்கள்' என்று வரும். தொடாமல் 'சந்தேகம்' என்ற பொத்தானை அழுத்தினால் மெயில் என் பெட்டிக்கு வரும்; 'சபாஷ்! நீங்கள் விழிப்பானவர்' என்று தானாகவே பதில் போகும். அந்தச் சபாஷை எழுதியவளும் நான்தான். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வேலையற்ற வேலை என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருடம் முன்பு ஒரு குமாஸ்தா அப்படியொரு மெயிலைத் திறந்ததில் எங்கள் லேப் நான்கு நாள் முடங்கியது. எது யாருடைய ரத்தம் என்று தெரியாமல் ட்ரே ட்ரேயாகக் கொட்டினார்கள். அதற்குப் பிறகுதான் என்னை எடுத்தார்கள்.

அதே லேபில்தான் என் நாத்தனாருக்கு வேலை. என் கணவரின் தங்கை. நோயாளிகளுக்கு ரத்தம் எடுப்பவள். அவள் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நாலு பேர் நாற்காலியோடு அவரை மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். அதோடு சரி, பதினோரு மாதமாக அவர் கீழே இறங்கவே இல்லை. ஊழியர் குடியிருப்பில் தரைத்தள வீடு கேட்டு நாத்தனார் மனுப் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகும்போதெல்லாம் அதே பேச்சுதான். "இந்த மாசம் லிஸ்ட் வந்துரும் அண்ணி, பாருங்களேன்."

எதற்கு ஏங்குகிறார்களோ அதைத்தான் தூண்டிலில் மாட்ட வேண்டும். என் தொழிலின் பால பாடம் அது. ஒரு மாதம் என்ன எழுதுவது என்று எனக்கு மூளையே ஓடவில்லை. கடைசியில், 'குடியிருப்பு ஒதுக்கீடு: உங்கள் பெயர் தேர்வாகியுள்ளது' என்று எழுதினேன். நாத்தனாரை நினைக்காமல் எழுதியதாகச் சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன். பொய். அவளுக்கும் போகுமே என்று தோன்றத்தான் செய்தது. அவளை மட்டும் விட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் அவள் என் அறைக்கு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"முதல்ல அவருக்குப் போன் பண்ணிட்டேன் அண்ணி. வீடு வந்துருச்சுங்கன்னு. அப்புறம்தான் லிங்கைத் தொட்டேன்."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. நானோ, மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் வகுப்பு எடுத்தேன்.

"இனிமே எழுத்தெழுத்தாப் பாரு. யார் அனுப்பினது, தேதி, முத்திரை, உன் பேர். நல்லாப் பாத்தா எங்கேயாவது ஒரு தப்பு இருக்கும்."

கையுறை அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்புறத்தில் அதை வரிசையாக எழுதிக்கொண்டு போனாள்.

ஐந்து மாதம் கழித்து நடைவழியில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். ஒரே சிரிப்பு. "பழைய தூண்டிலையே மறுபடி போட்டீங்க இல்ல? இந்தத் தடவை ஒரு தப்புகூட இல்ல அண்ணி. அவ்வளவு சரியா இருந்ததாலதான் எனக்கு டவுட்டே வந்துச்சு. பட்டனை அழுத்திட்டேன். சபாஷ்னு வந்துச்சு!"

நான் கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். "கெட்டிக்காரி" என்று அவள் தோளில் தட்டிவிட்டுப் போனேன்.

இப்போதெல்லாம் ஊழியர்கள் கேண்டீன் நேர மாற்றத்தைக்கூடச் சந்தேகப்பட்டு எனக்குத் தள்ளிவிடுகிறார்கள். அன்று என் பெட்டியில் நானூறுக்கு மேல் இருந்தன. 'குடியிருப்பு ஒதுக்கீடு' என்ற தலைப்பைப் பார்த்ததும் என் பழைய சரக்குதான் என்று நினைத்தேன். திறந்து பார்க்காமலேயே முடித்து வைத்தேன்.

அடுத்த வாரம் கேண்டீனில் குடியிருப்பு அதிகாரி தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க நாத்தனார் ஏன் மேடம் வீடு வேணாம்னுட்டாங்க? மூணு நாள் டைம் குடுத்தோம். பதிலே இல்ல."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். "போன்லயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"வீடு, பணம்னு எதையும் போன்ல பேசக்கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டது நீங்கதானே?" அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார்.

மறுபடி கொடுக்க முடியாதா என்று கெஞ்சினேன். அந்த வீட்டுக்கு வாட்ச்மேன் குடும்பம் வந்து இரண்டு நாள் ஆகிவிட்டதாம். வாட்ச்மேனின் மனைவிக்கும் நடக்க முடியாதாம். தரைத்தள வீடுகள் மொத்தமே ஆறு. அடுத்து ஒருவர் ஓய்வு பெற ஒன்பது வருடம் இருக்கிறது. நான் கேட்டதற்காக, ஒதுக்கீடு வந்ததையும் அது ரத்தானதையும் ஒரு கடிதமாக எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். ஒவ்வொரு படியும் நாத்தனாரின் வீட்டுக்காரர் இறங்க முடியாத படி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நாத்தனார் கதவைத் திறந்தாள். உட்காரக்கூடச் செய்யாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த மெயில் நிஜம் என்று சொன்னேன். நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்றும் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "இதுவும் டெஸ்ட்டா அண்ணி?"

"இல்லம்மா."

"நீங்க இல்லன்னுதானே சொல்வீங்க."

கடிதத்தை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். முதலில் அனுப்பியவர் பெயர். அப்புறம் தேதி. முத்திரை மேல் விரலால் தடவினாள். தன் பெயரை எழுத்தெழுத்தாக வாய்க்குள் படித்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே ஜன்னலோரத்திலிருந்து அவள் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. "யாரு, அண்ணியா? என்ன லெட்டர்?"

"ஒண்ணுமில்லைங்க. அண்ணி விளையாடறாங்க."

மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை மெதுவாக. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"எங்கேயாவது ஒரு தப்பு இருக்கும்னு சொன்னீங்களே அண்ணி" என்றாள், அவருக்குக் கேட்காதபடி. "எனக்குத் தெரியல. எங்க இருக்கு, நீங்களே காட்டுங்க."

கடிதத்தை என்னிடம் நீட்டியபடி நின்றாள்.