ஹெல்மெட்டுக்குள் ஊறிய மருந்து

கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஆட்கள். உச்சியில், கிரேன் கேபினில் இருந்த ஓட்டுநருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"மச்சான், கீழ இருக்கறவங்கள நகர்த்து," என்றார் வாக்கி டாக்கியில்.

தரையில் சிக்னல் கொடுப்பவன் அவர் மனைவியின் தம்பி. "ஏன் மாமா, காத்தா?"

"காத்து இல்ல. எனக்குத்தான் ஒரு மாதிரி வருது. நகர்த்துடா."

விசில் பறந்தது. ஆட்கள் சிதறினார்கள். ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பிக்கட்டை அங்குலம் அங்குலமாக இறக்கினார். அது தரையைத் தொட்டதும் இருக்கையில் சாய்ந்தார். எழ முடியவில்லை.

சைட்டின் முதலுதவி அறையிலிருந்து நர்ஸம்மா வாக்கி டாக்கி லைனுக்கு வந்தாள். "என்ன பண்ணுது?"

"நெஞ்சு படபடங்குது, அழுத்துது. காலு கூட வீங்கியிருக்கு."

முதலுதவிப் பையோடு மச்சான் ஏணியேறி வந்து சேர்ந்தான். மூச்சு வாங்கியது. "உங்களுக்கு நெஞ்சுவலின்னு ஏறினா, எனக்கு வந்துடும் போலிருக்கு."

"பையில இருக்கற சின்ன மாத்திரையை நாக்குக்கு அடியில வைக்கணும்," என்றாள் நர்ஸம்மா. "ரத்தக்குழாயை விரிக்கற மாத்திரை அது. வைக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க, வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களா? தடவறதையும் சேத்துச் சொல்லணும்."

சேனல் திறந்திருந்தது. மொத்த சைட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வழுக்கைத் தலையால் அந்த சைட்டில் அவர் பெயரே பௌர்ணமி. வைத்தவன், பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை உறையைக் கிழித்துக்கொண்டிருக்கும் இதே மச்சான்தான்.

"ஒண்ணுமில்ல," என்றார்.

மச்சான் மாத்திரையை வாயருகே கொண்டுவந்தான். ஓட்டுநர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மானம் கீழே போனால் போகட்டும்.

"வைக்காத. நர்ஸம்மா, முடி வளர லோஷன் போடறேன்."



"எவ்வளவு போடறீங்க?"

"டாக்டர் ராத்திரி ஒரு தடவைதான் சொன்னாரு. சீக்கிரம் வளரட்டும்னு காலையிலயும் ஊத்தி, மேல ஹெல்மெட்ட மாட்டிக்குவேன். நல்லா ஊறும்ல."

"தலையில புண், கீறல் இருக்கா?"

"மருந்து உள்ள இறங்கட்டும்னு மழிச்சிட்டு நார் போட்டுத் தேச்சேன்."

"மாத்திரையைப் பையில போடு தம்பி. அந்த லோஷனே பிரஷரை இறக்கும். கீறின தோல், மேல மூடி வேற, உடம்புக்குள்ள போயிருக்கும். இதையும் வச்சிருந்தா ஆளு மயங்கியிருப்பாரு. தலையைக் கழுவிவிட்டுப் படுக்க வை. காலைத் தூக்கி வை."

குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதும் தலையில் இறங்கியது. மச்சான் விரலால் பதமாக அலசினான். "உரம் போடறேன்னு வயலையே கொளுத்தியிருக்கீங்க மாமா."

"அக்காகிட்ட சொல்லிடாத."

"நான் எதுக்குச் சொல்லணும்? சமையல்கட்டு வரைக்கும் போயிருக்கும் இந்நேரம்."

மீட்புக் கூண்டில் வைத்து அவரை இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பு சீராகும்வரை மானிட்டரில் போட்டு வைத்தார்கள். டாக்டர் லோஷனை நிறுத்தச் சொன்னார். சரியாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை ஏணியில் கால் வைக்கக் கூடாது என்றார் சைட் இன்ஜினியர்.

அதனால் அடுத்த வாரம் பௌர்ணமி தரையில் நின்று கொடி காட்டினார். யாரும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டாவது கிரேன் ஓட்டுநர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அடர்ந்த சுருட்டை முடிக்காரன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, நான் முடிக்கு மாத்திரை போடறேன். யாருக்கும் தெரியாது. டாக்டரையும் பாக்கல, நெட்டுல வாங்கினது. எந்திரிச்சா தலை சுத்துது."

பௌர்ணமி டிபன் பாக்ஸை மூடினார். "எந்திரிடா. மெதுவா. நர்ஸம்மா ரூம் வரைக்கும் நானும் வரேன்."