எட்டு மணிப் பசி

டணாரென்று ஒரு சத்தம். குழம்புப் பாத்திரம்தான் விழுந்தது என்று ஜகதாம்பாளுக்குத் தெரிந்தது. கூடவே தானும் விழுந்துவிட்டது, கண்ணைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

பூஜையைப் பாதியில் விட்டு ஓடிவந்த அவள் கணவர் பட்டாபிராமன், அவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார். அடுத்த பஸ்ஸில் மன்னார்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் சுடர்விழி சுற்றி வளைக்கவில்லை.

"சுகர் மாத்திரையைப் போட்டுட்டு, பத்து மணி வரைக்கும் வெறும் காபியிலேயே ஓட்டினா மயக்கம் வராம என்னம்மா வரும்? எட்டு மணிக்குள்ள சாப்பிட்டாகணும். ரெண்டு இட்லி, ஒரு கிண்ணம் பயறு, கொஞ்சம் காய், ஒரு துண்டு கொய்யா. இன்னொரு தடவை அடுப்பு மேலேயே விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

ஜகதாம்பாள் தலையை ஆட்டினாள். ஆட்டியதோடு சரி. அந்த வீட்டில் காலையில் காபி, பத்து மணிக்குப் பூஜை முடிந்ததும் சாப்பாடு. டிபன் என்பதே சாயங்காலச் சமாசாரம். அதோடு, அவர் சாப்பிடாமல் அவள் கல்யாணமான நாளிலிருந்து ஒரு பருக்கை வாயில் வைத்ததில்லை. அவரே கெஞ்சினாலும் தொண்டையில் இறங்காது.

மறுநாள் எட்டு மணிக்கு அவர் எட்டிப் பார்த்தார். "சாப்பிட்டியா?"

"ஆச்சு, ஆச்சு."

இட்லிப் பானை கவிழ்த்தபடியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பூஜைக்குத் திரும்பிப் போனார்.

அதற்கடுத்த நாள் ஏழரைக்கே பூஜை மணி அடித்து ஓய்ந்தது. பட்டாபிராமன் வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

"ஜகதா, பசி உயிர் போறது. டிபன் போடு."

"உங்களுக்கா? இந்த வேளையிலேயா?"

"ஏன், எனக்கு வயிறு இல்லையா?"

அன்றிலிருந்து தினமும் இதே பாட்டு. தாளடி நெல் அறுத்த வயலில் விளைந்த புதுப் பயறு கடைக்கு வந்ததும் பை நிறைய வாங்கிவந்து சுண்டல் கேட்டார். ஒரு நாள் கேழ்வரகு அடை. "காய் எங்கே? கொய்யா நறுக்கலையா?" என்று அதிகாரம் வேறு.

"மசக்கைக்காரி தோத்தா, போங்கோ!" என்று நொடித்துக்கொண்டே பரிமாறினாள். அவர் எழுந்ததும், செய்தது வீணாகப் போவானேன் என்று தானும் ஒரு தட்டு போட்டுக்கொண்டாள். தனக்கு மயக்கம் வராததை அவள் கவனிக்கவில்லை. கவனித்ததெல்லாம் அவருடைய ஏப்பத்தைத்தான். பத்து மணிச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினார். இந்த வயதில் இது என்ன நோய்க்கு அறிகுறியோ என்று அவள் பயந்தாள்.

ஒரு நாள் காலை கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போனாள். கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, வயிற்றைத் தடவியபடி ஓமத்தண்ணியை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார் பட்டாபிராமன். அவள் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் மேஜையிலிருந்து குரல் வந்தது. "ஜகதா, பசி உயிர் போறது!"

அவர் முன்னால் வைத்த தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"செரிக்காம ஓமத்தண்ணி குடிக்கற மனுஷருக்குப் பசியாம், பசி! உடம்புக்கு என்ன? எங்கிட்ட எதை மறைக்கறேள்?"

பட்டாபிராமன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் கை நனைச்சாத்தானேடி நீ ஒரு வாய் சாப்பிடறே?"